ஸ்டேட்டஸ் மாற்றம் மறுக்கப்பட்டால்: அமெரிக்காவில் மறுநாளிலிருந்து என்ன செய்வது?

“அண்ணா, டினையல் வந்துடுச்சு. ஆனா அறுபது நாள் டைம் இருக்குல்ல?”

2024 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, முன்பு என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த தம்பி ஒருவன் போனில் கேட்டது இது. ஜனவரியில் அவனுக்கு வேலை போயிருந்தது. கெடு முடிவதற்குள் ஹெச்-1பியிலிருந்து (வேலை விசா) பி-2வுக்கு (சுற்றுலா விசா) மாற்றித் தரச் சொல்லி ஐ-539 படிவம் போட்டுவிட்டு, வேறு வேலை தேடிக்கொண்டிருந்தான். “ஒரு நாள்கூட இல்லடா” என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த அறுபது நாள் என்ற எண் இங்கே காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. ஹெச்-1பியில் வேலை போனால் 60 நாள் (அதற்குள் ஐ-94, அதாவது தங்க அனுமதித்த காலத்தைச் சொல்லும் பதிவு, முடிந்தால் அந்தத் தேதி வரைதான்). எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பை முடித்தால் 60 நாள். ஆனால் ஸ்டேட்டஸ் (எந்த வகையில் இங்கே தங்கியிருக்கிறோம் என்பது) மாற்ற விண்ணப்பம் மறுக்கப்பட்டால், மூட்டை கட்டிக்கொள்ள இத்தனை நாள் என்று எந்த விதியும் தனியாகச் சொல்லவில்லை. விதிவிலக்காக ஒன்று சொல்லலாம்: எஃப்-1இல் இருந்து ஹெச்-1பிக்குக் காத்திருந்து, ‘கேப்-கேப்’ (இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும்) நீட்டிப்பில் இருக்கும் மாணவரின் மனு மறுக்கப்பட்டால், மோசடியோ ஸ்டேட்டஸ் மீறலோ காரணமாக இல்லாதவரை, மாணவருக்குரிய 60 நாள் கிடைக்கும். மற்றவர்கள் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

நான் வக்கீல் இல்லை. இப்படிக் கடிதம் வந்த சிலரோடு உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டியவன், அவ்வளவுதான். வக்கீலிடம் போவதற்கு முன் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்

இணையக் கணக்கில் ‘மறுக்கப்பட்டது’ என்று ஒரு வரிதான் காட்டும். விவரம் தபாலில் வரும் கடிதத்தில் இருக்கும். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: மேலே அச்சிட்டிருக்கும் தேதி, உள்ளே சொல்லியிருக்கும் காரணம். நீங்கள் கவரைப் பிரித்த நாளுக்கு மதிப்பில்லை. கடிதத்தில் உள்ள தேதியிலிருந்துதான் எல்லாக் கணக்கும் ஓடும்.

காரணம் ஏன் முக்கியம் என்றால், அதைப் பொறுத்துத்தான் நாட்கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதே மாறும். பணம் போதுமென்று காட்டவில்லை, வந்த நோக்கம் தெளிவாக இல்லை, கேட்ட ஆவணம் தரவில்லை என்பவை ஒரு வகை. தாமதமாக விண்ணப்பித்தீர்கள், அனுமதி இல்லாமல் வேலை செய்தீர்கள் என்பவை வேறு வகை. இரண்டாவது வகைதான் ஆளைக் கவிழ்க்கும்.

தம்பிக்கு வந்தது முதல் வகை. கூடுதல் ஆவணம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு (ஆர்எஃப்இ என்பார்கள்) பதில் வராததால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி மறுத்திருந்தார்கள். அந்தக் கடிதம் அவன் காலி செய்த பழைய அபார்ட்மென்டுக்குப் போயிருந்தது. வாடகை குறைவான இடத்துக்கு மாறியவன் பேங்கில் விலாசத்தை மாற்றினான், ஃபோன் கம்பெனியில் மாற்றினான், குடிவரவுத் துறைக்கு மட்டும் சொல்லவில்லை.

அடுத்து ஐ-94ஐ எடுங்கள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் பார்த்து “2027 வரைக்கும் இருக்கே” என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசா என்பது வாசலில் வந்து கதவைத் தட்டுவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. எல்லைக் காவல் துறையின் ஐ-94 இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இரண்டு குழி உண்டு. நாட்டுக்குள் இருந்தபடியே நீட்டிப்போ மாற்றமோ வாங்கியிருந்தால், புது ஐ-94 உங்கள் ஐ-797ஏ ஒப்புதல் கடிதத்தின் அடியில்தான் அச்சாகி இருக்கும். அந்த இணையதளத்தில் தெரியாமல் போகலாம். இன்னொன்று, விமான நிலையத்தில் அதிகாரி உங்கள் பாஸ்போர்ட் காலாவதி ஆகும் தேதியோடு ஐ-94ஐ நறுக்கிக் கொடுத்திருக்கலாம். விசா மூன்று வருடம் இருக்க, ஐ-94 பதினொரு மாதத்தில் முடிவது இப்படித்தான்.

இப்போது ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தேதிகளை எழுதுங்கள்: ஐ-94 முடியும் தேதி, விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதி (ரசீதில் இருக்கும், நீங்கள் தபாலில் போட்ட நாள் இல்லை), மறுப்புக் கடிதத்தின் தேதி. வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இந்த மூன்றும் கையில் இருந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம்.

இப்போது உங்கள் ஸ்டேட்டஸ் என்ன?

*ஐ-94 இன்னும் முடியவில்லை.* தலை தப்பியது. உதாரணமாக, ஹெச்-4இல் (ஹெச்-1பிக்காரரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் மனைவி எஃப்-1 கேட்டு மறுக்கப்பட்டால், ஹெச்-4 அடுத்த வருடம் வரை செல்லுபடியாக இருந்து, கணவரின் ஹெச்-1பியும் ஒழுங்காக இருந்தால், அவர் அதே ஹெச்-4இல்தான் இருக்கிறார். கேட்டது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்; இருப்பது பறிபோகவில்லை. நஷ்டம் விண்ணப்பக் கட்டணம் (2024 ஏப்ரல் முதல் தபாலில் 470 டாலர், ஆன்லைனில் 420). குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் சென்னை போய் எஃப்-1 விசாவே வாங்கிக்கொண்டு வரலாம். ஹெச்-4 பிள்ளைகளுக்கு 21 வயது முடிந்தால் அந்த ஸ்டேட்டஸும் முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். 20 வயதுப் பையனின் எஃப்-1 விண்ணப்பத்தைக் கடைசி மாதம் வரை இழுத்தடிக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

*விண்ணப்பித்தது நேரத்தோடு, ஆனால் காத்திருக்கும்போது ஐ-94 முடிந்துவிட்டது.* பெரும்பாலானோர் இங்கேதான் இருப்பார்கள். தம்பியும் இங்கேதான். “பெண்டிங்ல இருக்கு, அதனால ஸ்டேட்டஸ்ல இருக்கேன்” என்று சொல்வது தவறு. ஐ-94 முடிந்த அன்றே ஸ்டேட்டஸ் முடிந்துவிட்டது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் வரை உங்களை இருக்க விட்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கிய திண்ணை மாதிரி. திண்ணையில் உட்கார்ந்தால் வீடு நம்முடையது ஆகாது. வீட்டுக்காரர் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். மறுப்புத் தேதிக்கு அடுத்த நாளிலிருந்து ‘சட்டப்புறம்பான தங்கல்’ என்ற கணக்கு ஓடத் தொடங்கும்.

*விண்ணப்பமே தாமதம், அல்லது அனுமதியில்லாமல் வேலை செய்தது, அல்லது காலம் கடத்துவதற்காகவே போட்ட ஆதாரமற்ற விண்ணப்பம்.* இந்தக் காரணங்களால் மறுத்திருந்தால் திண்ணைச் சலுகை இருந்ததாகவே கொள்ளமாட்டார்கள். ஐ-94 முடிந்த நாள் வரை பின்னோக்கிப் போய் அங்கிருந்து எண்ணுவார்கள்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒருவரின் ஐ-94 2025 மார்ச் 10 அன்று முடிகிறது. மறுப்புக் கடிதம் செப்டம்பர் 15. அவர் மார்ச் 3 அன்றே விண்ணப்பித்திருந்தால் செப்டம்பர் 16தான் முதல் நாள். 180ஆவது நாள் 2026 மார்ச் 14. அதற்குள் கிளம்பினால் தடை எதுவும் இல்லை. அவரே மார்ச் 17 அன்று, ஒரே ஒரு வாரம் தாமதமாக விண்ணப்பித்து, அந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டிருந்தால் கணக்கு மார்ச் 11இலிருந்து தொடங்கும். 180ஆவது நாள் செப்டம்பர் 6. கடிதத்தில் தேதி போடும்போதே 189 நாள் ஆகியிருக்கும். அன்றைக்கே விமானம் ஏறினாலும் மூன்று வருடத் தடைதான்.

அந்தத் தடைகளையும் சொல்லிவிடுகிறேன். 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் சட்டப்புறம்பாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் உள்ளே வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். 1996இல் வந்த சட்டம். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இந்த நாட்கணக்கு ஓடாது. ஆனால் ஸ்டேட்டஸ் அவர்களுக்கும்தான் போகிறது.

*ஐ-94இல் தேதிக்குப் பதில் ‘டி/எஸ்’ என்று இருக்கிறது.* ஸ்டேட்டஸைக் காக்கும் வரை இருக்கலாம் என்று பொருள். மாணவர்களுக்கு இப்படி இருக்கும். எஃப்-1இலிருந்து வேறொன்றுக்கு மாறக் கேட்டு மறுக்கப்பட்டாலும், படிப்பும் செவிஸ் (அரசின் மாணவர் பதிவேடு) பதிவும் அறுபடாமல் இருந்தால் எஃப்-1 அப்படியே இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டிருந்தால் ஸ்டேட்டஸ் போய்விட்டது. ஆனால் அந்த 180 நாள் கணக்கு தானாகத் தொடங்காது. ஸ்டேட்டஸை மீறினீர்கள் என்று குடிவரவுத் துறை முறைப்படி முடிவு செய்த பிறகோ, நீதிபதி உத்தரவிட்ட பிறகோதான் தொடங்கும். இந்த ‘டி/எஸ்’ முறையையே எடுத்துவிட்டு நிலையான தேதி போடும் முன்வரைவு 2025 ஆகஸ்டில் வெளியாகியிருக்கிறது. எனவே சீனியர் மாணவர்கள் சொல்வதை அப்படியே நம்பாமல் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அன்றன்றைய நிலவரத்தைக் கேளுங்கள்.

ஹெச்-1பிக்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு

கம்பெனி போடும் ஐ-129 மனுவில் இரண்டு கோரிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘இந்த வேலைக்கு இவர் தகுதியானவர்’ என்பது ஒன்று. ‘இவரை நாட்டுக்குள் இருந்தபடியே மாற்றிக் கொடுங்கள்’ என்பது இன்னொன்று. முதலாவதை ஏற்று இரண்டாவதை மட்டும் மறுப்பதும் நடக்கும். அடையாளம் எளிது. ஐ-797ஏ வந்தால் அடியில் ஐ-94 இருக்கும், வேலையைத் தொடங்கலாம். ஐ-797பி வந்தால் ஐ-94 இருக்காது. வெளிநாடு போய் விசா வாங்கி, திரும்பி நுழைந்த பிறகுதான் வேலை. ‘அப்ரூவ்டு’ என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸ் போய் உட்கார்ந்தால், அது அனுமதியில்லாத வேலை.

தம்பிக்கு வந்ததும் இந்த ஐ-797பிதான். பி-2 நிலுவையில் இருந்தபோதே புது கம்பெனி கிடைத்து, ஆகஸ்டில் மனுவும் போட்டார்கள். ஆனால் அந்த மனு நின்றது பி-2 என்ற தூணின் மேல். தூண் அக்டோபரில் விழுந்தது. நவம்பரில் வந்தது ஐ-797பி. ஒன்று நிலுவையில் இருக்கும்போதே அடுத்தது, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் எல்லாருக்கும் இது பொருந்தும். முதலாவது விழுந்தால் மேலே உள்ளவையும் சேர்ந்து விழும்.

இப்போது இதில் பணமும் சேர்ந்துவிட்டது. 2025 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தான அதிபர் பிரகடனம், 21ஆம் தேதி முதல் போடப்படும் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. நீட்டிக்கப்படாவிட்டால் 12 மாதம் அமலில் இருக்கும் என்றும் அதிலேயே இருந்தது. அக்டோபர் 20 அன்று வந்த விளக்கத்தின்படி, உள்ளே இருந்தபடி ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டு, அது கிடைத்தால் இந்தக் கட்டணம் இல்லை. மாற்றத்துக்குத் தகுதியில்லை என்று முடிவானால் உண்டு. பழைய காலத்தில் ஐ-797பி என்றால் ஒரு சென்னை டிக்கெட் செலவு. இந்தப் பிரகடனத்துக்குப் பிறகு போட்ட மனு என்றால், கம்பெனி உங்களை வேண்டாமென்று சொல்லிவிடக்கூடிய செலவு. அதனால் மனு போடும் நாளில் உங்கள் ஸ்டேட்டஸ் உயிரோடு இருக்கிறதா என்பதைக் கம்பெனி வக்கீலிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்கே நிறுத்த வேண்டியவை

வேலை. ஹெச்-1பி மாற்றலில் ரசீதை வைத்துப் புது கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மறுப்பு வந்த நாளோடு நிறுத்த வேண்டும். “இந்த ஸ்பிரின்ட் முடியட்டும்” என்று மேனேஜர் கெஞ்சினாலும் சரி. தெரிந்தவர் கேஸ் ஸ்டேஷனில் இரண்டு ஷிஃப்ட், ஹோட்டலில் ரொக்கக் கூலிக்கு வார இறுதி வேலை, இதெல்லாம் பிற்பாடு எந்த விண்ணப்பத்தையும் கெடுக்கும்.

படிப்பும் அப்படியே. பி-2இல் இருப்பவர் எஃப்-1 ஒப்புதல் வருவதற்கு முன் வகுப்பில் சேரவே கூடாது. சேர்ந்ததால்தான் மறுத்திருக்கிறார்கள் என்றால், இங்கேயே மறுபடி கேட்டுப் பயனில்லை.

கார் ஓட்டுபவர்கள் லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். பல மாநிலங்களில் அதன் காலம் ஐ-94ஓடு கட்டப்பட்டிருக்கும்.

போவதா, போராடுவதா

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்டேட்டஸ் முடிந்துவிட்டது, வேறு வலுவான காரணம் இல்லை என்றால் சீக்கிரம் கிளம்புவதுதான் பெரும்பாலும் நல்லது. பத்து நாளிலோ இருபது நாளிலோ கிளம்பியவருக்கு அடுத்த விசாவில் பதில் சொல்ல ஒரு கதை இருக்கும். 170ஆவது நாள் கிளம்பியவர், தடை இல்லாவிட்டாலும், தூதரக ஜன்னலில் நெளிய வேண்டியிருக்கும்.

போராட இருக்கும் வழி குறுகலானது. ஐ-539 மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. ஐ-290பி படிவத்தில் அதே அலுவலகத்தை மறுபடி பார்க்கச் சொல்லலாம். புது ஆதாரம் இருந்தால் மறுதிறப்பு, சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்றால் மறுபரிசீலனை. கெடு 30 நாள். கடிதம் தபாலில் வந்திருந்தால் 33. கட்டணம் 800 டாலர். முக்கியமான விஷயம், இது நிலுவையில் இருப்பது எந்தப் பாதுகாப்பும் தராது. நாட்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முடிவு உங்கள் பக்கம் திரும்பினால்தான் அந்த நாட்கள் கழியும்.

“நான் விலாசம் மாத்திச் சொல்லியிருந்தா இதுல ஜெயிச்சிருக்கலாமாண்ணா?” என்று தம்பி கேட்டான். வாய்ப்பு இருந்திருக்கும். முறைப்படி விலாசத்தை மாற்றிச் சொல்லியும் ஆர்எஃப்இ பழைய இடத்துக்குப் போயிருந்தால், அது மறுதிறப்புக்கு ஏற்ற காரணம்தான். அவன் கையில் அந்த ஆதாரம் இல்லை. 800 டாலரை டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தாமதமாக விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு சிறு சந்து உண்டு. உங்கள் கையை மீறிய அசாதாரணக் காரணம் இருந்து (நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது போல), தாமதம் அதற்கு ஏற்ற அளவில் இருந்து, வேறு மீறல் எதுவும் இல்லாமலும் இருந்தால், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் அலுவலருக்கு உண்டு. மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் விருப்பம்.

கிளம்பவே கூடாத, அல்லது வக்கீலைப் பார்க்காமல் கிளம்பக் கூடாத சிலரும் இருக்கிறார்கள். அமெரிக்கக் குடிமகனை மணந்தவர்கள், 21 வயது கடந்த பிள்ளை குடியுரிமை பெற்றிருக்கும் பெற்றோர்கள்: முறைப்படி விசாவில் நுழைந்திருந்தால், காலம் கடந்து தங்கியிருந்தாலும் இங்கேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இவர்களுக்குப் பொதுவாக வழி உண்டு. பேரப் பிள்ளையைப் பார்க்க வந்து பி-2 நீட்டிப்பு மறுக்கப்பட்ட அம்மா, ஏற்கெனவே 180 நாளைத் தாண்டியிருந்தால், பயந்துபோய் விமானம் ஏறுவதுதான் அந்தத் தடையையே கொண்டுவரும். வேலை வழி கிரீன் கார்டுக்காரர்களுக்கும் 180 நாள் வரையான குறையைப் பொறுக்கும் விதி இருக்கிறது. ஆனால் முறை வந்திருக்க வேண்டும். இந்தியர்களின் வரிசை நீளம் உங்களுக்கே தெரியும்.

ஊருக்குத் திரும்புவதே ஆபத்து என்பவர்கள், ஈழத்திலிருந்து வந்தவர்களில் அப்படிச் சிலர் இருக்கிறார்கள், தஞ்சக் கோரிக்கை பற்றி உடனே வக்கீலிடம் பேச வேண்டும். நாட்டுக்குள் வந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. சட்டப்படியான ஸ்டேட்டஸில் இருந்த காலத்தைத் தாமதத்துக்கான நியாயமாக ஏற்க இடமுண்டு. ஆனால் ஸ்டேட்டஸ் போன பிறகு நாளைக் கடத்தினால் அதுவும் போய்விடும்.

தபால் பெட்டியைக் கவனியுங்கள்

2025 பிப்ரவரி 28 அன்று வந்த கொள்கைக் குறிப்புக்குப் பிறகு, விண்ணப்பம் மறுக்கப்பட்டு, தங்கச் சட்டப்படி உரிமை இல்லாதவர்களுக்கு என்டிஏ எனப்படும் நீதிமன்ற அழைப்பை அனுப்புவது வழக்கமாகியிருக்கிறது. குடிவரவு நீதிபதியின் முன் ஆஜராகச் சொல்லும் கடிதம் அது. அது பழைய விலாசத்துக்குப் போய், உங்களுக்குத் தெரியாமலே விசாரணை நாள் கடந்துவிட்டால், நீங்கள் இல்லாமலே வெளியேற்ற உத்தரவு போட்டுவிடுவார்கள். மறுப்பைவிட அது பல மடங்கு மோசம். வருடக்கணக்கில் திரும்பி வரவிடாது.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற விலாச மாற்றப் படிவம் போட வேண்டும். ஆன்லைனில் சில நிமிட வேலை, கட்டணம் இல்லை. தபால் நிலையத்தில் விலாசம் மாற்றிவிட்டால் போதாது. என்டிஏ வந்தே விட்டால், டிக்கெட் போட்டுவிட்டேன் என்று பேசாமல் கிளம்பிவிடாதீர்கள். விசாரணை நிலுவையில் இருக்கும்போது எப்படி வெளியேறுவது என்பதற்கு முறை இருக்கிறது. அதைக் குடிவரவு வக்கீல் சொல்ல வேண்டும்.

வக்கீல் என்றால் வக்கீல்தான். “நம்ம ஆளு, எல்லா ஃபார்மும் நிரப்பிக் கொடுப்பார்” என்று சங்க விழாவில் அறிமுகமாகும் கன்சல்டன்ட் வேண்டாம். மாநில வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால், உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கிளம்பும்போதும் அதற்குப் பிறகும்

அமெரிக்காவில் வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எனவே போர்டிங் பாஸைக் கிழிக்காதீர்கள். டிக்கெட், ஊரில் இறங்கியதற்கான அடையாளம், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஐரோப்பா வழி டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்ந்து எடுக்காமல், காலாவதியான அமெரிக்க விசாவோடு போகும்போது டிரான்சிட் விசா வேண்டுமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். துபாய், தோஹா வழி போனால் இந்தத் தலைவலி குறைவு.

ஐ-94 தேதிக்கு மேல் தங்கியவர்களின் பழைய விசா தானாகவே செல்லாது என்று சட்டப்பிரிவு 222(ஜி) சொல்கிறது. ஸ்டிக்கரில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறதே என்று அதை நம்பித் திரும்பி வராதீர்கள். புது விசா வாங்குங்கள். அதையும் மெக்சிகோவிலோ கனடாவிலோ போய் வாங்கும் பழக்கத்தை மறந்துவிடுங்கள். 2025 செப்டம்பர் முதல், குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் பலருக்கு அது அண்ணா சாலை ஜெமினி மேம்பாலத்தடியில் உள்ள துணைத் தூதரகம், இலங்கையர்களுக்குக் கொழும்பு.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் முன்பு விசா மறுக்கப்பட்டதா, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்று கேட்பார்கள். ஸ்டேட்டஸ் மாற்ற மறுப்பும் தூதரகத்தின் விசா மறுப்பும் ஒன்றல்ல. எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று வக்கீலிடம் கேட்டு எழுதுங்கள். எப்படியும் மறைக்காதீர்கள். உங்கள் ஐ-539 கதை முழுக்க அதிகாரியின் திரையில் இருக்கும். பொய் என்று பதிவானால் அது மூன்று வருடம், பத்து வருடம் என்று முடியாது. ஆயுளுக்கும் வரும் தடை.

தம்பி அக்டோபர் 30 அன்று கிளம்பினான். கடிதத் தேதி அக்டோபர் 8. சட்டப்புறம்பாக இருந்தது மூன்று வாரம். ஐ-797பி அவனுக்குச் சென்னையில்தான் கிடைத்தது. நேர்காணலில், பி-2 ஏன் மறுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். “வீடு மாறினேன், விலாசம் சொல்லவில்லை, கடிதத்தைப் பார்க்கவில்லை, மறுப்பு வந்ததும் கிளம்பிவிட்டேன்” என்று சொல்லி, போர்டிங் பாஸை நீட்டியிருக்கிறான். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லையாம்.

திரும்பி வந்த வாரம் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்ததும் ஃபோனை எடுத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். என்னடா என்று எட்டிப் பார்த்தேன். புது அபார்ட்மென்டின் விலாசத்தை ஏஆர்-11இல் நிரப்பிக்கொண்டிருந்தான்.